காவல் என்ற பயனர்

2019 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, நகரக் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருந்த லினக்ஸ் கணினியில், ‘காவல்’ என்ற பயனர் ‘அறிக்கை’ என்ற குழுவில் சேர்க்கப்பட்டது. பதிவேட்டில் அந்த நேரத்துக்கு எதிரே, “சேர்த்தாயிற்று, சரிபார்த்தாயிற்று” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது.

காவல் என்று அங்கே ஆள் யாரும் இல்லை. குளோரின் வாயு வைத்திருக்கும் அறையைக் கண்காணிக்கும் நிரல் ஒன்று அந்தப் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. அறைக்குள் இருந்த உணர்கருவியை இரண்டு விநாடிக்கு ஒருமுறை கேட்கும். காற்றில் எவ்வளவு குளோரின் என்று வந்த எண்ணைக் குறித்துக்கொள்ளும். அந்த எண் 1-ஐத் தாண்டினால் கதவுக்கு மேல் எரியும் பச்சை விளக்கைச் சிவப்பாக்கும், சங்கு ஊதும், காற்றை வெளியே இழுக்கும் விசிறிகளை ஓடவிடும், குளோரின் போகும் பிரதான வால்வை மூடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆறு வருடமாக ஒரு நாள் லீவு போடாமல் அதைச் செய்துவந்தது.

கையெழுத்து, நிலையத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுடையது. எல்லோருக்கும் அவள் சிஸ்டம் மேடம். அவள் கணவர் அதே நிலையத்தில் வாயு அறையின் மூத்த டெக்னீஷியன். அவருக்கு மட்டும் அவள் டாக்டரம்மா. மிஷினுக்குக் காய்ச்சல் வந்தால் ஓடுகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவது என்பார். காலையில் இருவரும் ஒரே பைக்கில் வருவார்கள். மதியம் பன்னிரண்டரைக்குப் பம்ப் ஹவுஸ் பின்னால் இருந்த சிமெண்ட் மேடையில் உட்கார்ந்து ஒரே டப்பாவில் சாப்பிடுவார்கள். அவர் சட்டையில் எப்போதும் குளோரின் வாசம் இருக்கும். அவருக்கு அது தெரியாது.

“பதினாலு வருஷம். என் மூக்கு எப்பவோ ரிட்டையர் ஆயிடுச்சு” என்பார். “அதுக்குப் பதிலாத்தான் உன் லைட்டு இருக்கே. பச்சை எரிஞ்சா உள்ள போறோம். அதுக்கு மேல என்ன?”

முகக்கவசம் அணிந்துதான் உள்ளே போகவேண்டும் என்று கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. வாயு அறை ஆட்கள் கவசத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவார்கள். அதைப் போட்டால் கண்ணாடியில் வியர்வை படிந்து வால்வே தெரியவில்லை என்பது அவர்கள் நியாயம். பச்சை விளக்கு எரிகிற வரைக்கும் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

மார்ச் 27, புதன்கிழமை. மதியம் ஒன்றேகால் மணிக்குப் புது ஷிஃப்ட் இன்ஜினியர் அவள் மேசைக்கு வந்து நின்றார். வேலைக்குச் சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறது. வாயு அறையின் தினசரி அறிக்கையைத் திறந்தால் அனுமதி இல்லை என்று வருகிறதாம். இரண்டரை மணிக்குக் குடிநீர் மேல்வாரியத்திலிருந்து ஆய்வுக் குழு வருகிறது. அந்த அறிக்கையைப் பெரிய திரையில் காட்டவேண்டும் என்று தலைமைப் பொறியாளர் அவர் கழுத்தில் உட்கார்ந்திருந்தார்.

அவள் அவரை ‘அறிக்கை’ குழுவில் காலையிலேயே சேர்த்திருந்தாள். பட்டியலைத் திறந்து காட்டினாள். அவர் பெயர் இருந்தது.

“பேரு இருக்கு. ஆனா திறக்கலையே மேடம். கல்யாணப் பத்திரிகையில பேரைப் போட்டுட்டு வாசல்ல விடாத கதையா இருக்கு.”

அவள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். குழு என்பது ஒரு சாவி மாதிரி. ஒருவர் கணினிக்குள் நுழையும்போது அவர் எந்தெந்தக் குழுவில் இருக்கிறாரோ அந்தச் சாவிகளையெல்லாம் கொத்தாகக் கையில் கொடுத்துவிடும். அதற்கப்புறம் பட்டியலில் என்ன மாற்றினாலும் கையிலிருக்கும் கொத்து மாறாது. புதுச் சாவி வேண்டுமானால் வெளியே போய் மறுபடி உள்ளே வரவேண்டும்.

“நீங்க காலையில ஏழு மணிக்கு நுழைஞ்சவர். நான் சேர்த்தது ஒன்பதுக்கு. வெளிய போயிட்டு வாங்க.”

வெளியேறி நுழைந்தார். அறிக்கை திறந்தது. “இதுக்கா அரை நாளா மண்டையை உடைச்சிக்கிட்டேன்” என்று தலையைச் சொறிந்தார். கிளம்பப்போனவர், நாளைக்கு வரப்போகிற இன்னொருவரையும் சேர்த்துவிடச் சொன்னார். அந்தக் கட்டளையைத் தானும் எழுதிவைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு, பேனாவை எடுத்தார்.

அவள் முன்பு தட்டிய கட்டளைகளின் வரலாற்றை மேலே நகர்த்தினாள். பழையது ஒன்றை எடுத்துப் பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தாள். காலையில் தட்டியதைத் தாண்டி மேலே போனதில், மார்ச் 12-ஆம் தேதிக் கட்டளை திரையில் வந்து நின்றது. பயனரின் பெயர் காவல். குழுவின் பெயர் அறிக்கை. நிரலின் எண்கள் தினசரி அறிக்கைக்கும் போகட்டும் என்று சேர்த்தது.

அதைப் படித்தவள் மறுபடி படித்தாள்.

குழுவில் சேர்க்கும் அந்தக் கட்டளைக்கு இரண்டு முகம் உண்டு. ஏற்கெனவே இருக்கும் குழுக்களோடு இதையும் சேர் என்று ஒரு குறி கொடுத்தால் சேர்க்கும். அந்தக் குறியை விட்டுவிட்டால், இனி இந்த ஒரு குழு மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் துடைத்துவிடும். எச்சரிக்கை வராது, நிச்சயமா என்று கேட்காது. அவள் முன்பு வேலை பார்த்த இடத்துக் கணினிகளில் வேறொரு கட்டளை. அதற்கு இந்தக் குறி தேவையில்லை. அந்தப் பழக்கம் இன்னும் விரலில் இருந்தது. திரையில் இருந்த வரியில் அந்தக் குறி இல்லை.

“எழுதிக்கலாமா மேடம்?” என்றார் இன்ஜினியர்.

“இதை எழுதாதீங்க. இருங்க.”

காவல் எந்தெந்தக் குழுவில் இருக்கிறது என்று கேட்டாள். ஒரே ஒரு பெயர் வந்தது: அறிக்கை. உணர்கருவி, விளக்கு, சங்கு எல்லாம் கணினியோடு சேரும் கேபிளைத் திறக்கிற குழு ஒன்று உண்டு. அதில் காவல் இல்லை. பன்னிரண்டாம் தேதியிலிருந்தே இல்லை.

ஆனால் பன்னிரண்டாம் தேதி அவள் சரிபார்த்திருந்தாள். பொய்க் கையெழுத்து இல்லை அது. கட்டளையைக் கொடுத்தபிறகு திரையைப் பார்த்தாள், எண்கள் 0.1, 0.2 என்று வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தன. ஓடாமல் என்ன செய்யும்? நிரல் எப்போதோ தொடங்கியது. பழைய கொத்து அதன் கையில் இருந்தது. சற்றுமுன் இந்த மனிதருக்குத் தன் வாயாலேயே விளக்கிய விஷயம்.

அந்தக் கொத்து கையைவிட்டுப் போக, நிரல் ஒருமுறை நின்று தொடங்கியிருக்கவேண்டும். கடைசியாக எப்போது தொடங்கியது என்று பார்த்தாள். மார்ச் 23, சனிக்கிழமை, பதினொன்று இருபது. யுபிஎஸ் பேட்டரி மாற்ற வந்தவர்கள் கணினியை அணைத்துப் போட்ட நாள். அன்றைக்கு அவளுக்கு வார விடுமுறை.

பிழைப்பதிவைத் திறந்தாள். ‘அனுமதி மறுக்கப்பட்டது.’ இரண்டு விநாடிக்கு ஒரு வரி. நகர்த்த நகர்த்த அதே வரி. எண்ணச் சொன்னாள்: ஒரு லட்சத்து எழுபத்தேழாயிரத்துச் சொச்சம். நிரல் நான்கு நாளாகக் கதவைத் தட்டித் தட்டி நின்றிருக்கிறது. பதில் வராதபோது என்ன எழுதுவது என்று அதை எழுதியவர் யோசித்திருக்கவில்லை. பூஜ்ஜியம் எழுதிக்கொண்டிருந்தது. விளக்கோ, சிவப்பாகு என்று யாரும் சொல்லாதவரை பச்சையாகவே எரியும்படி வயர் போட்டிருந்தார்கள்.

இன்ஜினியர் அறிக்கையைத் தன் திரையில் நகர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லா இருக்கே மேடம். நாலு நாளா ஒரு புள்ளி ஏறல.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்று ஐம்பத்தைந்து. புதன்கிழமைகளில் இரண்டரைக்குச் சிலிண்டர் மாற்றுவார்கள். ஆள் உயரத்தைவிடச் சற்று நீளமான இரும்பு உருளைகள். பழையதின் வால்வை மூடிக் குழாயைக் கழற்றிப் புதியதில் பூட்டவேண்டும். அந்த நிலையத்தில் வாயு கசிந்தது என்று பதிவான ஏழு தடவையில் ஆறு, சிலிண்டர் மாற்றும்போது நடந்தவை. இன்றைக்கு மாற்றப்போகிறவர் அவள் கணவர்.

பட்டியலைத் திருத்த ஒரு நிமிடம் ஆகவில்லை. இந்தமுறை குறியோடு கொடுத்தாள், இரண்டு தடவை படித்துவிட்டு. காவல் இப்போது இருக்கவேண்டிய எல்லாக் குழுவிலும் இருந்தது. பூஜ்ஜியம் மட்டும் மாறவில்லை. மாறாது என்று அவளுக்குத் தெரியும். நிரலை நிறுத்தித் தொடங்கவேண்டும். தொடங்கினால் அது முதலில் தன்னைச் சோதித்துக்கொள்ளும்: சங்கு ஊதி, விசிறிகளை ஓட்டி, பிரதான வால்வை மூடும். சனிக்கிழமை அந்தச் சங்கு ஊதாததைப் பேட்டரிக்காரர்கள் கவனித்திருக்கவில்லை. வால்வைத் திறந்து பழைய அழுத்தத்துக்குக் கொண்டுவர நாற்பது நிமிடம். குளோரின் கலக்காத தண்ணீரை விடக்கூடாது என்பதால் அதுவரை நகரத்துக்குத் தண்ணீர் கிடையாது. அதற்குத் தலைமைப் பொறியாளர் வாயால் உத்தரவு வேண்டும்.

அவர் மேல்வாரிய ஆட்களுக்கான கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மேசையின் இடது மூலையில் இன்னொரு அடுக்கு இருந்தது. ஒப்பந்த ஊழியர்களின் புதுப்பிப்புக் கோப்புகள். மார்ச் 31-க்குள் கையெழுத்தாக வேண்டியவை. மேலிருந்து மூன்றாவது அவளுடையது.

காவல் நிரல் உணர்கருவியைப் படிக்கவில்லை, உடனே நிறுத்தித் தொடங்கவேண்டும் என்றாள்.

“படிக்கலையா? நான் காலையில கூட ரிப்போர்ட் பார்த்தேனே. ஜீரோ ஜீரோன்னு முத்து முத்தா இருக்கு.”

“சார், அது சுத்தமான காத்தோட கணக்கு இல்ல. பதில் வராததுக்கு அது போடுற ஜீரோ.”

அவர் நிமிர்ந்தார். “ஏன் வரல?”

“அதோட குழு மாறிப்போயிருக்கு சார்.”

“யாரு மாத்தினது?”

பதில் அவள் நாக்கு நுனியில் இருந்தது. நான்தான் என்று சொல்ல ஒரு விநாடி போதும். அவள் கண் அந்தக் கோப்பு அடுக்குக்குப் போய்த் திரும்பியது.

“அது... பார்க்கணும் சார்.”

தலைமைப் பொறியாளர் கெட்ட மனிதர் இல்லை. இருபத்தெட்டு வருட சர்வீஸ். கீழே இருப்பவர்களிடம் கத்தாதவர் என்று பெயர் எடுத்தவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் பேசினார்.

“நீங்களே பார்க்கணும்னு சொல்றீங்க. என்னன்னு உறுதியா தெரியாம ஊருக்கே தண்ணிய நிறுத்தச் சொல்றீங்களா? அதுவும் அவங்க வாசல்ல வந்து நிக்கிற நேரத்துல? மூணரைக்கு அவங்க போயிடுவாங்க. அதுக்கப்புறம் நீங்க என்ன வேணா நிறுத்துங்க.”

உறுதியாகத் தெரியும் சார் என்று சொல்லியிருக்கலாம். எப்படித் தெரியும் என்று அடுத்து கேட்பார். அவள் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தாள்.

கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பும்போது இரண்டு பதினெட்டு. வாயு அறை ஆட்கள் செல்போனை வாசலிலேயே லாக்கரில் வைத்துவிடவேண்டும். ஆய்வு முடியும்வரை யாரும் இடத்தைவிட்டு நகரக்கூடாது என்பதால் உள்தொலைபேசி ஒன்றுதான் வழி. அதில் பேசுவது அத்தனையும் பதிவாகும். பக்கத்து நாற்காலியில் புது இன்ஜினியர் உட்கார்ந்திருந்தார். நான்கு தடவை அடித்தபிறகு எடுத்தார்கள்.

“கேஸ் ரூம்.” கணவரின் குரல்.

“நான்தான்.”

“சொல்லுங்க டாக்டரம்மா. யாருக்கு என்ன காய்ச்சல்?”

“சிலிண்டர் இன்னைக்கே மாத்தணுமா? கொஞ்சம் தள்ளிப் போடக்கூடாதா?”

“பழசு காலி. தள்ளிப் போட்டா நீதான் வந்து தண்ணில குளோரின் கலக்கணும். ஏன்?”

“ஒண்ணும் இல்ல. லைட்டுல ஒரு செக்கிங் ஓடுது. நீங்க மாஸ்க் போட்டுக்கங்க.”

“லைட்டு பச்சையாத்தான எரியுது. இங்கேருந்து தெரியுது.”

“இருக்கட்டும். போட்டுக்கங்க.”

“வீட்டுல ஹெல்மெட்டு, இங்க மாஸ்க்கு. தலையே கண்ணுல காட்டக்கூடாதா உனக்கு?” அவர் பக்கத்திலிருந்த உதவியாளர் சிரிப்பது கேட்டது. “சரி சரி, போடுறேன். வெச்சிடு.”

அவள் வைக்கவில்லை. அந்த விளக்கு நாலு நாளாகச் செத்துக் கிடக்கிறது, என் கையால்தான் செத்தது, கதவுப் பக்கமே போகாதீங்க என்று சொல்லவேண்டிய வார்த்தைகள் வரிசையாக நின்றன. பதிவாகும் சின்ன விளக்கு கருவியில் மினுக்கிக்கொண்டிருந்தது. “என்னங்க,” என்றாள். அந்தப் பக்கம் அவர் வைத்துவிட்டிருந்தார்.

இரண்டரைக்கு ஆய்வுக் குழு வந்தது. நான்கு பேர். சுத்தமான காலணிகளோடு கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்து சுற்றிப் பார்த்தார்கள். தலைமைப் பொறியாளர் பெரிய திரையில் அறிக்கையைக் காட்டச் சொன்னார். புது இன்ஜினியர் ஒரே தட்டலில் திறந்தார். பூஜ்ஜியங்கள் மேலிருந்து கீழாக ஒழுங்காக இறங்கின. வந்தவர்களில் ஒருவர் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதி அடிக்கோடிட்டார். வேறு நிலையங்களில் எப்போதும் கொஞ்சம் ஏறி இறங்குமே, இங்கே எப்படி இவ்வளவு சீராக இருக்கிறது என்று கேட்டார்.

“பராமரிப்பு சார்,” என்றார் தலைமைப் பொறியாளர்.

அவள் மூலையில் தன் மேசையில் உட்கார்ந்திருந்தாள். திரையில் அந்த எண் இரண்டு விநாடிக்கு ஒருமுறை புதிதாக எழுதப்பட்டது. 0.0. 0.0. அதன் பக்கத்தில் நேரம். 2:36. 2:37. வாயு அறை அங்கிருந்து முந்நூறு அடி. நடுவில் இரண்டு சுவரும் ஒரு தோட்டமும் இருந்தன. ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதன் கூரையும் அசையாமல் நின்ற வெளியேற்று விசிறிகளும் தெரியும். விசிறி நிற்கிறது என்றால் எல்லாம் நலம் என்று ஆறு வருடமாகப் பழகிய கண் அது. இன்றைக்கு அது எதையும் சொல்லவில்லை.

அவர் மாஸ்க்கைப் போட்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டாள். போடுறேன் என்றாரே. அவர் போடுறேன் என்று சொல்லிப் போடாத ஹெல்மெட்டுகள் எத்தனை என்று உடனே நினைவுக்கு வந்தது.

2:44-க்கு உள்தொலைபேசியில் மறுபடி கூப்பிட்டாள். இருபது தடவை அடித்து ஓய்ந்தது. வேலை நடக்கும்போது எடுக்கமாட்டார்கள், அதில் அதிசயம் இல்லை. வைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் ஓய்ந்தது.

2:47-க்கு அவள் யாரையும் கேட்காமல் காவல் நிரலை நிறுத்தித் தொடங்கினாள்.

சோதனைச் சங்கு மூன்று விநாடி ஊதியது. தலைமைப் பொறியாளர் பேச்சின் நடுவில் திரும்பி அவளைப் பார்த்தார். அவர் முகம் சிவந்தது, வாயைத் திறந்தார். அதற்குள் நிரல் உணர்கருவியிடம் முதல் கேள்வியைக் கேட்டுப் பதிலை வாங்கியிருந்தது. பெரிய திரையில் பூஜ்ஜியங்களின் வரிசைக்குக் கீழே 6.8 என்று வந்தது. அடுத்தது 6.9. நின்ற சங்கு மறுபடி ஊதத் தொடங்கியது, இந்தமுறை நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே விசிறிகள் சுழலத் தொடங்கின.

“இதுவும் சோதனையா?” என்று குறிப்பேட்டுக்காரர் கேட்டார். அவள் அதற்குள் கதவைத் தாண்டியிருந்தாள்.

அவள் தோட்டத்தின் குறுக்கே ஓடியபோது உதவியாளர் வாயு அறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துகொண்டிருந்தான். அவன் முகத்தில் கவசம் இருந்தது. அவள் கணவரின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்துப் பின்பக்கமாக இழுத்து வந்தான். அவர் கவசம் மார்பில் தொங்கியது. கண்கள் மூடியிருந்தன, வாயோரம் நுரை இருந்தது, ஒவ்வொரு மூச்சும் பெரிய வேலையைப் போல வந்தது. கதவுக்கு மேல் விளக்கு சிவப்பாக எரிந்தது. அவள் அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டுப் பேச முயன்றார், இருமல்தான் வந்தது.

“பேசாதீங்க. பேசாதீங்க,” என்றாள். “நான்தாங்க. அந்த லைட்டு... நான்தான்.”

அவருக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. சங்கு ஊதிக்கொண்டிருந்தது.

விசாரணைக் குழு ஏப்ரல் முதல் வாரத்தில் கூடியது. உதவியாளர் சொன்னதை வைத்து, கசிவு 2:36-க்குத் தொடங்கியது என்று முடிவுசெய்தது: புதுச் சிலிண்டரின் வால்வில் வாஷர் சரியாக உட்காரவில்லை. கணவரின் வாக்குமூலத்தை மருத்துவமனைக்குப் போய் எழுதி வாங்கினார்கள். தொண்டை புண்ணாக இருந்ததால் அவர் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தினார். எரிச்சல் தெரிந்தது, ஆனால் விளக்கு பச்சையாக இருந்ததால் பழைய குழாயில் மிச்சமிருந்த வாயு என்று நினைத்து வால்வை இறுக்கிக்கொண்டிருந்தேன் என்றார். யாராவது முன்கூட்டி எச்சரித்தார்களா என்று கேட்டார்கள்.

“என் வீட்டுக்காரி மாஸ்க் போடச் சொன்னா. நான்தான் போடல. அவ மேல தப்பு இல்ல.”

அவளுடைய வாக்குமூலம் மூன்று பக்கம். கட்டளையை முழுதாக எழுதி, விட்டுப்போன குறி எங்கே வரவேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தாள். தலைமைப் பொறியாளர் கேட்டபோது தெரிந்தும் சொல்லவில்லை என்றும், கணவரிடம் விளக்கு வேலை செய்யவில்லை என்று சொல்லவில்லை என்றும், இரண்டு தடவையும் ஒப்பந்தத்தை நினைத்துத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்றும் எழுதியிருந்தாள். தொலைபேசிப் பதிவைக் குழு தனியாகக் கேட்டது. இரண்டு வாக்குமூலங்களையும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து வைத்தார்கள்.

தலைமைப் பொறியாளர் தலைமையகத்துக்கு மாற்றப்பட்டார். உதவியாளருக்கு நற்சான்றிதழ் கொடுத்தார்கள். அவள் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. கணவர் பதினேழாம் நாள் வீட்டுக்கு வந்தார். நுரையீரலின் திறனில் முப்பது சதவீதம் திரும்பாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தார். ஜூன் மாதம் அவருக்கு மீட்டர் பிரிவில், தரைத்தளத்தில், உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுக்கப்பட்டது.